மாப்பிள்ளை வீட்டார் கேட்ட துப்பாக்கி

அத்தியாயம் 9

பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பார்கள் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வரை நம்பிக்கொண்டிருந்தவள் எங்கள் வீட்டில் அம்மா ஒருத்திதான். எனக்கு அப்படிப்பட்ட மயக்கம் எதுவும் இல்லை. மாரண்டஹள்ளியிலிருந்து மூன்று பஸ் மாறி வருகிறார்கள் என்றால் அது என் பி.எஸ்சி. இயற்பியலுக்காக இல்லை. அப்பாவின் ரெட்டைக்குழல் துப்பாக்கிக்காக.

போன வாரம் அப்பாவே அதை உடைத்துச் சொல்லிவிட்டாரே. அரூர் கண் முகாமில் ஆபரேஷன் முடிந்து, இரண்டு கண்ணுக்கும் மேலே பச்சைத் துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்த மனிதர், சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அறிவித்தார்.

"இனிமே என்னால சுட முடியாது. டாக்டர் தும்மக்கூட வேண்டாம்ங்கறாரு. லைசென்ஸ வர்ற மாப்ளை பேருக்கு மாத்திட வேண்டியதுதான்."

எனக்குக் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. மாப்பிள்ளை என்கிற ஆள் அதுவரை எங்கள் வாசலைக்கூட மிதிக்கவில்லை. அந்தத் துப்பாக்கியைப் பதினெட்டு வயதிலிருந்து துடைக்கிறவள் நான். எண்ணெய் போடுகிறவள் நான். மரவள்ளிக் காட்டில் பன்றி இறங்கினால் அப்பாவோடு காவலுக்குப் போகிறவள் நான். அவருக்குக் கண் மங்க ஆரம்பித்த நாலு வருடமாக, பாதி வெடியை வெடிக்கிறவளும் நான்தான்.

அதனால் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போய் இரண்டு தாள் டைப் அடித்து வந்தேன். ஒன்று அப்பா சொன்னது: என் துப்பாக்கி உரிமத்தைத் தீர்த்தகிரி, தகப்பனார் பெயர் வெங்கடாசலம் என்பவருக்கு மாற்றச் சம்மதிக்கிறேன். இன்னொன்று யாரும் சொல்லாதது: அதே வாசகம், பெயர் மட்டும் ராஜாமணி, தகப்பனார் பெயர் அர்ச்சுனன். அதாவது நான். அப்பா எந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறாரோ, அந்தப் பெயருக்கே துப்பாக்கி. திங்கட்கிழமை காலை அரூர் தாலுகா ஆபீஸில் கொடுத்தாக வேண்டும். இரண்டு தாளும் சமையலறையில் அரிசிப் பானை மூடியின் மேல் காத்திருந்தன. இரண்டு இருக்கிறது என்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியும்.

ஞாயிறு காலை நான் செய்த முதல் வேலை, அம்மா எடுத்து வைத்த பட்டுச் சேலையைக் கட்டாமல் துப்பாக்கியை எடுத்தது. அதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். இங்கிலாந்தில் செய்தது. அப்பாவைவிட மூத்தது. ஏற்காட்டு எஸ்டேட் துரை கப்பல் ஏறும்போது, தன்னோடு காடு சுற்றிய அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழல், மேலே தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்க இரண்டு குதிரை, கீழே இரண்டு விசை. கட்டையில் கன்னம் படுகிற இடம் மட்டும் வழுவழுவென்று கறுத்திருக்கும். மடக்கித் திறந்து தோட்டாவைப் போட்டு மூடினால் ஒரு சத்தம் வரும். பெட்டியைப் பூட்டுகிற சத்தம் இல்லை அது. பழகின இரண்டு பேர் ஒரே நேரத்தில் 'ம்' என்று சொன்ன மாதிரி இருக்கும்.

சுட்டால் தோளில் ஒரு குத்து. மூக்கில் வெடிமருந்து வாசனை. சத்தம் சித்தேரி மலை வரைக்கும் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பி வரும். டிகிரி வாங்கின அன்றைக்குக்கூட நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

குறை ஒன்றே ஒன்றுதான். நான் பிறந்ததிலிருந்து அது எதன்மேலும் பட்டதில்லை.

நான் சுட்டதும் படவில்லை, அப்பா சுட்டதும் படவில்லை. பன்றி சத்தத்துக்கு ஓடும். மறுநாள் குடும்பத்தோடு வரும். அர்ச்சுனன் என்று பெயர் வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருடமாக ஒரு முயலைக்கூட அடிக்காத மனிதரை ஊர் சும்மா விடுமா? டீக்கடையில் அவரைப் பார்த்தாலே ஒருத்தன் மேலே பார்த்து, "அண்ணே, காக்கா பறக்குது, பாவம் வுட்ருங்க" என்பான். எங்கள் கோழிகள்கூட வெடிச் சத்தத்துக்குப் பயந்ததில்லை. எல்லா வீட்டுக் கோழியும் வெடித்தால் ஓடி ஒளியும். எங்கள் கோழிகள் ஓடி வரும். "நம்ம வூட்டு வளர்ப்பு அப்படி" என்பார் அப்பா.

துப்பாக்கியைத் துடைத்து முடித்துச் சமையலறைக்குள் போனபோது வழக்கம்போல அந்த டால்டா டப்பாவில் கால் விரலை இடித்துக்கொண்டேன். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் என்று அம்மா அதை முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். கல்லைப் போலக் கனக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது அங்கேதான்.

"இந்த எழவுக்குள்ள என்னதான்ம்மா இருக்குது?"

"உங்கொப்பனோட வீரம். போடி, போய்ச் சீலையக் கட்டு."

பதினோரு மணிக்கு வந்தார்கள். அப்பா, மகன், இரண்டே பேர். அவர்களுக்கு முன்பே அரூரிலிருந்து தஸ்தகீர் பாய் வந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் துப்பாக்கிக்கு வைத்தியர் அவர்தான். சுட்ட தோட்டாக் கூடுகளில் மறுபடி மருந்து அடைத்துத் தருகிறவரும் அவர்தான். தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கி போன வாரம்தான் கழுத்தில் அட்டைச் சீட்டோடு வீடு திரும்பியிருந்தது. ஒருதரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர்.

மாப்பிள்ளையின் அப்பா வெங்கடாசலம் தண்ணீர்ச் சொம்பைக் கையில் வாங்குவதற்கு முன்பே ஆரம்பித்தார்.

"சம்மந்தி, பொருள் எங்கீங்க?"

"உள்ள இருக்குது. சேலை கட்டிட்டு வந்துரும்" என்றாள் அம்மா.

"நான் துப்பாக்கியக் கேட்டேனுங்க."

நான் துப்பாக்கியோடுதான் வெளியே வந்தேன். பட்டுச் சேலை, மல்லிகைப் பூ, தோளில் துப்பாக்கி. அம்மா கையில் கொடுத்திருந்த போண்டாத் தட்டைத் தஸ்தகீர் பாயிடம் நீட்டிவிட்டேன்.

வெங்கடாசலம் துப்பாக்கியை வாங்கிக் குழல் வழியாக வானத்தைப் பார்த்தார். கட்டையைத் தட்டிப் பார்த்தார். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிற தினுசு. என்னை அதுவரை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை.

"எங்கூர்ல ரெண்டு பேருக்குத்தான் லைசென்ஸ். மூணாவது நம்ம தீர்த்தகிரியா இருக்கோணும்னு ஆசை. தம்பி காலேஜ்ல என்.சி.சி. சர்ட்டிபிகேட்டெல்லாம் வெச்சிருக்கான்."

தீர்த்தகிரி வெள்ளை பேண்ட், வெள்ளைச் சட்டையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். சர்ட்டிபிகேட் என்றதும் போண்டாவைப் பாதியில் வைத்துவிட்டான்.

அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பச்சைத் துணிக்குக் கீழே மீசை விரிந்தது. "அப்படின்னா ஒரு வெடி வெச்சுப் பாத்துரலாம் மாப்ளை. புத்து மேல ஒரு பானைய வைங்க. பானைய ஒடைக்கிறவங்களுக்குத் துப்பாக்கி. என்ன சொல்றீங்க?"

"ஒடைக்கிறவங்கன்னா, யாரா இருந்தாலுமாப்பா?" என்றேன்.

"யாரா இருந்தாலும்" என்றார் அப்பா, யோசிக்காமல். அப்புறம் யோசித்தார். அதற்குள் நான் பானையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

லைசென்ஸ் இல்லாதவர் சுடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. தீர்த்தகிரியின் முறைக்கு அதை நான் உரக்கச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. என் முறை வந்தபோது நானும் சொல்லவில்லை.

முப்பது தப்படி தூரத்தில் புற்று. அதன் மேல் கவிழ்த்த பானை. அதற்குப் பின்னால் எங்கள் மண் கரை, ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம். களத்தில் பாதிக்கு அம்மா கொட்டை எடுத்த புளியைப் பரப்பியிருந்தாள். மாசி வெயிலில் அது இளகிக் கிடந்தது.

தீர்த்தகிரி புளிக்கு முன்னால் போய் நின்றான். தோட்டா இரண்டைப் போட்டுக் கொடுத்தார் பாய். அவன் துப்பாக்கியைப் பிடித்ததைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டைக்கும் தோளுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. இரண்டு விசையிலும் இரண்டு விரல்.

"தோளோட ஒட்டிப் பிடிங்க. ஒரு விசையத் தொடுங்க, போதும்" என்றேன்.

"பொண்ணு நெறய பேசும் போலருக்குது" என்றார் வெங்கடாசலம்.

சரி, நியூட்டனே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

நியூட்டன் சொன்னார். இரண்டு குழலும் ஒரே நேரத்தில் வெடித்தன. துப்பாக்கி ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம். துப்பாக்கியைப் பாய் பாய்ந்து பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளையைப் பிடிக்க யாருக்கும் தோன்றவில்லை. அவன் மல்லாந்து புளியில் விழுந்தான். எழுந்தபோது ஒன்றரைத் தூக்குப் புளியும் சேர்ந்து எழுந்தது.

புற்றின் மேல் பானை அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"விழுந்துச்சா?" என்று கேட்டார் அப்பா. அவருக்கு வெளிச்சமும் நிழலும்தான் தெரியும்.

"மாப்ளைதான் விழுந்தாரு" என்றாள் அம்மா.

"தம்பி, உனக்கு என்.சி.சி.ல என்னதான்டா சொல்லிக் குடுத்தாங்க?" என்றார் வெங்கடாசலம்.

தீர்த்தகிரி முதுகிலிருந்து புளியைப் பிய்த்துக்கொண்டே தரையைப் பார்த்துச் சொன்னான். "நான் பேண்டு செட்டுங்கப்பா. டிரம் அடிச்சேன். நீங்க கேக்கவே இல்ல."

அந்த நாளில் எனக்கு அவன் மேல் முதன்முதலாக ஒரு மரியாதை வந்தது. அவன் அப்பாவுக்கு வரவில்லை. அவர் துப்பாக்கியின் பக்கம் திரும்பிவிட்டார். "பையன் மேல என்னங்க தப்பு? பானை ஒடையலையே. பொருள் பழசு. குழல் தேஞ்சிருக்கும். இருபத்திரண்டு வருஷமா ஒண்ணும் படலன்னு ஊர்லயும் சொல்றாங்க."

அப்பாவின் மீசை இறங்கியது. அதை என்னால் பார்க்க முடியவில்லை. மாப்பிள்ளைக்குத் தூக்கிக் கொடுக்க நினைத்த மனிதர்தான். அதற்காக மூன்றாம் மனிதன் வந்து எங்கள் துப்பாக்கியைக் குறை சொல்வதா?

"குடுங்க பாய்" என்றேன். அவர் வேறு இரண்டு தோட்டா போட்டுக் கொடுத்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினேன். கட்டை தோளில் உட்கார்ந்தது, கன்னம் தன் இடத்தில் உட்கார்ந்தது. குழல்களுக்கு நடுவில் ஓடுகிற கோட்டின் முனையில் பானை. மூச்சைப் பாதியில் நிறுத்தி முன் விசையைத் தொட்டேன். வெடித்தது. தோள் வாங்கிக்கொண்டது. மலை பதில் சொன்னது.

பானை அப்படியே இருந்தது.

வெங்கடாசலம் சிரித்தார். வேறொரு நாளாக இருந்தால் நானும் தலையைக் குனிந்திருப்பேன். ஆனால் விசையைத் தொட்ட கணத்தில் பானை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். அது தவறவே முடியாது. தப்பு என்மேல் இல்லை என்று எனக்கு அவ்வளவு உறுதியாகத் தோன்றியது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் கோழிகளைப் பார்த்தேன்.

வழக்கம்போல ஓடி வந்திருந்தன. ஆனால் புற்றுக்குப் போகவில்லை. எனக்கும் பானைக்கும் நட்ட நடுவில், பன்னிரண்டு பதின்மூன்று தப்படியில் கூடி நின்று மும்முரமாகக் கொத்திக்கொண்டிருந்தன. ஈயக் குண்டு இவ்வளவு கிட்டத்தில் விழாது. காற்று சீக்கிரமாகத் தடுத்து நிறுத்துகிற, எடையே இல்லாத ஏதோ ஒன்றுதான் அங்கே விழும். நான் துப்பாக்கியை மடக்கிக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போய்க் குனிந்து, ஒரு சேவலின் வாய்க்கு முன்னாலிருந்து பொறுக்கினேன்.

கேழ்வரகு. லேசாகக் கருகின கேழ்வரகு.

திரும்பி வந்து உள்ளங்கையைப் பாயிடம் நீட்டினேன். "பாய், இது என்னங்க?"

தஸ்தகீர் பாய் போண்டாவை மென்று விழுங்க அதிக நேரம் எடுத்துக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தார். "தங்கச்சி, இனி என்னால முடியாதும்மா. அல்லா கேப்பான்."

"சொல்லிருங்கண்ணா" என்றாள் அம்மா. "நான் எதுக்கு மறைக்கோணும்? தோட்டாவுல நான்தான் கேவுரு போடச் சொன்னேன்."

"எப்பத்திலிருந்து?" அப்பாவின் குரல் குழலுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"இவ வயித்துல இருந்தப்பத்திலிருந்து. பன்னின்னு நெனச்சு மணியக்காரரோட எருமையச் சுட்டீங்களே, ஞாபகம் இருக்குதா? எருமைக்குப் பதிலா மணியக்காரரே அங்க ஒதுங்கியிருந்தா? நான் கைக்கொழந்தையத் தூக்கிட்டு செயிலு வாசல்ல நிக்கிறதா? அண்ணன் கால்ல விழுந்தேன். ஈயத்த எடுத்துட்டுக் கேவுரு போட்டுக் குடுத்தாரு. சத்தம் வரும், பன்னி ஓடும், யாருக்கும் ஒண்ணும் ஆவாது. கோழிக்குத் தீனியும் ஆச்சு."

அப்பா விரல் விட்டு வருடங்களை எண்ணினார்.

"அப்ப அந்த எழுபத்தி நாலுல, ஓடைக்கரையில ஒரு ஒத்தப் பன்னி" என்றார் அப்பா மெதுவாக. "நான் சரியாத்தான சுட்டேன்?"

"சரியாத்தான் சுட்டிருப்பீங்க."

"அந்த நரி?"

"அதுவுந்தான்."

"முயலு... கோவிந்தம்மா, அந்த முயலு?"

"எல்லாந்தாங்க. வுடுங்க."

அப்பா அழப்போகிறார் என்று நினைத்தேன். ஆபரேஷன் கண்ணுக்கு ஆகாதே என்று பதறினேன். அவர் அழவில்லை. மீசை ஏறிக்கொண்டே போனது. இருபத்திரண்டு வருடத்துப் பன்றிகளும் நரிகளும் ஒவ்வொன்றாக அவருக்கு முன்னால் வந்து சாய்ந்து விழுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம். என் நாலு வருடமும் இதிலே இருக்கிறதே. "எடுத்த ஈயமெல்லாம் எங்கம்மா?"

அம்மா சமையலறை வாசலைக் கையால் காட்டினாள். நான் போய் இரண்டு கையாலும் டால்டா டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மூடியை நெம்பினால், கழுத்து வரைக்கும் மிளகு போல ஈயக் குண்டுகள்.

"அடைங்க பாய். ரெண்டு தோட்டா."

பாய் பேனாக் கத்தியால் தோட்டாவின் வாய் அட்டையை எடுத்தார். கேழ்வரகைக் கொட்டினார். டப்பாவிலிருந்து ஈயத்தை அளந்து போட்டு அட்டையை மறுபடி அழுத்தினார். பாவம் கழுவுகிற மாதிரி ஒரு முகம்.

"பொண்ணு சுட்டா நல்லதுக்கில்லீங்க" என்றார் வெங்கடாசலம்.

"பையன் சுட்டது நல்லா இருந்துச்சுங்களா?" என்றேன்.

தோட்டா இரண்டையும் போட்டு, பானையைக் குறி வைத்து முன் விசையை அழுத்தினேன். 'டிக்' என்றது. குதிரை விழுந்தது, வெடிக்கவில்லை. வெங்கடாசலம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "அப்படியே நில்லு பாப்பா, குழலத் திருப்பாத" என்றார் பாய். நான் திருப்பவில்லை. அரை நிமிடம் பானையைப் பார்த்தபடியே நின்றேன். ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று பக்கத்திலேயே படுத்திருக்கிறது. துரை எதற்காக இரட்டைக் குழலை வாங்கினான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. விரலைப் பின் விசைக்கு நகர்த்தினேன்.

இந்தத் தடவை குத்து வேறு மாதிரி இருந்தது. உள்ளே ஏதோ நிஜமாக இருந்து நிஜமாகக் கிளம்பிப் போன குத்து. புற்றின் மேல் பானை இருந்த இடத்தில் செம்மண் புகை மட்டும் நின்றது. ஓட்டுத் துண்டுகள் கரையில் விழுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. கோழிகள் பிறந்ததிலிருந்து முதன்முதலாக ஓடி ஒளிந்தன.

"விழுந்துச்சா?" என்றார் அப்பா.

"தூளாப் போச்சுங்க" என்றான் தீர்த்தகிரி. உள்ளூரச் சந்தோஷப்பட்டுச் சொன்னான். அவன் அப்பா முறைத்தார்.

முறைத்தாரே தவிர, மனிதர் கெட்டிக்காரர். "பொருள் நல்லாத்தான் இருக்குது சம்மந்தி. எங்களுக்கே எழுதிருங்க. பொண்ணும் கூடவே வரட்டும்."

கூடவே. பேனா வாங்கினால் கொடுக்கிற மூடி மாதிரி.

அப்பா எழுந்து நின்றார். பச்சைத் துணியைச் சரிசெய்துகொண்டார். "நான் ஒரு வார்த்த சொன்னேன். ஒடைக்கிறவங்களுக்குத் துப்பாக்கின்னு. கோவிந்தம்மா, பானைய ஒடச்சவ பேரு போட்ட பேப்பரக் கொண்டா."

அம்மா உள்ளே போய் ஒரு தாளையும் பேனாவையும் கொண்டு வந்தாள். அப்பாவின் விரலைப் பிடித்துத் தாளின் அடியில் வைத்தாள். அப்பா தன் பெயரை எழுதினார். எழுத்து மேலே ஏறி, கீழே இறங்கி, கடைசியில் தாளைவிட்டு வெளியே போய்த் தொடையில் முடிந்தது. நான் எட்டிப் பார்ப்பதற்குள் அம்மா தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"காட்டும்மா."

"என்னத்தக் காட்டறது? சரியான பேப்பருதான்."

"எப்படித் தெரியும் உனக்கு?"

கேட்ட பிறகுதான் நான் கேட்டது எனக்கே உறைத்தது. கையெழுத்துப் போட்டவருக்குக் கண் தெரியாது. தாளை எடுத்து வந்தவளுக்கு எழுத்துத் தெரியாது. இரண்டு தாளும் ஒரே டைப், ஒரே நீளம். எங்கள் வீட்டில் படித்தவள் நான் ஒருத்தி. எனக்கு மட்டும் காட்ட மாட்டேன் என்கிறாள்.

தெரியாமல் எடுத்தாளா? இல்லை, பானை மூடியின் மேல் நான் எதை மேலே வைத்தேன், எதைக் கீழே வைத்தேன் என்று முதல் நாளிலிருந்தே கவனித்து வைத்திருந்தாளா? தோட்டாவுக்குள் என்ன இருக்க வேண்டும் என்று இருபத்திரண்டு வருடம் முடிவு செய்தவள் அவள்.

"காப்பி போடறேன், இருங்க" என்று சொல்லிவிட்டு அம்மா சமையலறைக்குள் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

முட்டுக் கொடுக்க டால்டா டப்பா இல்லை. என் நினைவில் ஒருநாளும் சாத்தாத கதவு, என் முகத்துக்கு நேராகத் தானாகவே சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அது மட்டும் தானாக விழவில்லை.

கதவிடுக்கு வழியாக, காப்பி வாசனைக்கு முன்னால், இரண்டில் ஏதோ ஒரு தாள் எரிகிற வாசனை வந்தது.